கொழுப்புக்கு வெந்தயமா மருதம்பட்டையா, குடிக்கதுக்கு முந்தி அளந்து பாருங்க

நான் டாக்டரும் இல்ல வைத்தியரும் இல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்ல இருபது வருசத்துக்கு மேல ஊசி குத்தி ரத்தம் எடுத்து, டியூப்ல ஊத்தி, மிசின்ல வச்சு, ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்த ஆளு, அவ்வளவுதான். ஆனா அந்த மேசைக்குப் பின்னாடி உக்காந்து பாத்தா ஒன்னு நல்லாத் தெரியும், கொலஸ்ட்ரால் கூடிருக்குன்னு பேப்பர்ல பாத்த அன்னைக்கு ராத்திரியே அவிய வீட்டு அடுக்களைல ஒரு சொம்புக்குள்ள ஏதோ ஒன்னு ஊற ஆரம்பிச்சிரும். வெந்தயம், மருதம்பட்டை, கருஞ்சீரகம், முருங்கை இலை, வெள்ளப்பூடு. மூணு மாசம் கழிச்சு அதே ஆளு திரும்பி வருவாவ, ‘அண்ணாச்சி எல்லாத்தையும் குடிச்சாச்சு, இப்பப் பாருங்க’ம்பாவ. குறைஞ்சிருந்தா எதனால குறைஞ்சதுன்னு தெரியாது, கூடிருந்தா எதனால கூடுச்சுன்னும் தெரியாது, ஏன்னா எல்லாத்தையும் சேத்துக் குடிச்சுட்டு புரோட்டாவையும் நிறுத்திட்டு வெள்ளன எந்திச்சு நடக்கவும் ஆரம்பிச்சிருப்பாவ. பிறகு எனக்கே வந்துச்சு. அப்ப நானாவது ஒழுங்காச் செய்யணும்னு நினைச்சு செஞ்சத வச்சுத்தான் இத எழுதுதேன்.

மொதல்ல ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 230னு ஒரு வரிய மட்டும் பாத்துட்டுப் பதறாதீங்க, லிபிட் ப்ரொஃபைல்னு கேட்டு முழுசா எடுங்க. அதுல நாலு நம்பர் முக்கியம். மொத்தம் 200க்குக் கீழ இருக்கணும், கெட்ட கொலஸ்ட்ரால்ங்காவளே அந்த எல்டிஎல் 100க்குக் கீழ இருந்தா நல்லது, 130ல இருந்து 159 வரைக்கும் வாசல்படில நிக்கிற மாதிரி, 160 தாண்டுனா கூடுதல், 190 தாண்டுனா ரொம்பக் கூடுதல். நல்ல கொலஸ்ட்ரால்ங்கிற எச்டிஎல் ஆம்பளைக்கு 40க்கு மேல, பொம்பளைக்கு 50க்கு மேல. ரத்தத்துல ஓடுற இன்னொரு வகைக் கொழுப்பு ட்ரைகிளிசரைடு, அது 150க்குக் கீழ. இதுல குழாய அடைக்கிற வேலைய முக்கியமாச் செய்யிறது எல்டிஎல்தான், அதனால செடி கொடி எதக் குடிச்சாலும் ‘எல்டிஎல் எவ்வளவு இறங்குச்சு’ன்னுதான் கேக்கணும், ‘உடம்பு லேசா இருக்கா’ன்னு இல்ல. கொலஸ்ட்ரால் கூடுனா உடம்புல ஒன்னும் தெரியாது, குறைஞ்சாலும் ஒன்னும் தெரியாது. தலை சுத்துது, கால் மரத்துப் போவுது, அது கொழுப்புதான்னு சொல்லிக்கிட்டு வாரவிய நிறையப் பேரு, அதுக்கு வேற காரணம் இருக்கும், தனியாப் போய்க் காட்டுங்க.

அந்த ஊசியோட ஊசியா தைராய்டுக்கு டிஎஸ்எச், சுகருக்கு மூணு மாச ஆவரேஜ், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி இதையும் பாத்துருங்க. தைராய்டு சோம்பிக் கெடந்தா எல்டிஎல் தானாக் கூடும், அதுக்குத் தைராய்டு மாத்திரை போட்டாலே பாதி சரியாயிரும், நீங்க என்ன வெந்தயம் தின்னாலும் மூலக் காரணம் அங்க உக்காந்திருக்கும். எஸ்ஜிபிடி எதுக்குன்னு பின்னாடி சொல்லுதேன், எங்க மதினி கதை ஒன்னு இருக்கு.

இப்ப யாரு இந்த வேலைல இறங்கக்கூடாதுங்கத மொதல்லயே சொல்லிருதேன். எல்டிஎல் 190 தாண்டுனவிய, ஏற்கனவே மாரடைப்பு வந்தவிய, ஸ்டென்ட் வச்சவிய, பக்கவாதம் வந்தவிய, நாப்பது வயசுக்கு மேல சுகர் இருக்கவிய, இவிய எல்லாரும் நேரா டாக்டர்கிட்டப் போங்க, மாத்திரையத் தள்ளிப்போட்டுட்டு இலைய நம்பி மூணு மாசம் ஓட்டுற எடம் இது இல்ல. 190 தாண்டுறது சில குடும்பத்துல பரம்பரையா வரும், அந்த வீட்டுல முப்பது வயசு நாப்பது வயசுலயே நெஞ்சுவலில போனவிய இருப்பாவ, அப்படி இருந்தா பிள்ளைகளுக்கும் ரத்தம் பாக்கணும். மாசமா இருக்கவிய, பால் குடுக்கவிய எந்தப் பொடியையும், சத்த வடிச்சு வத்த வச்ச எக்ஸ்ட்ராக்டையும் தொடாதீங்க, சமையல்ல போடுற அளவு போதும்.

எங்க அத்தான் ஸ்டென்ட் வச்சவரு. மாத்திரை போட்டு எல்டிஎல் 88ல நல்லா நின்னுச்சு. யாரோ அனுப்புன வாய்ஸ் மெசேஜக் கேட்டுட்டு மாத்திரைய நிறுத்திட்டு கருஞ்சீரகம் ஓமம் வெந்தயம் வறுத்துப் பொடிச்சு மூணு மாசம் வெந்நில போட்டுக் குடிச்சாரு, எங்க யாருக்கும் சொல்லல. அப்புறம் சும்மா பாப்பமேன்னு எங்க லேப்புக்கு வந்தாரு. 171. நான் மிசின்தான் தப்புன்னு நினைச்சு அதே ரத்தத்தத் திரும்ப ஓட்டுனேன், அதே நம்பர். நல்லவேளை அதுக்குள்ள நெஞ்சுல ஒன்னும் வரல. ‘ஏலே, பொடி தப்பால்ல?’ன்னு கேட்டாரு. பொடி தப்பு இல்ல அத்தான், அது மாத்திரை செஞ்ச வேலையச் செய்யல, அவ்வளவுதான்னு சொன்னேன்.

சரி, வாசல்படில நிக்கிற ஆளுக, டாக்டரே ‘மூணு மாசம் சாப்பாட்டச் சரி பண்ணிட்டு வாங்க’ன்னு சொல்லி அனுப்புன ஆளுக, அவியளுக்குத்தான் மீதி. எனக்கு அப்ப மொத்தம் 248, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 210, எல்டிஎல் 164. டாக்டர் மாத்திரை எழுதட்டுமான்னு கேட்டாரு, நான்தான் பன்னெண்டு வாரம் டைம் குடுங்கன்னு கெஞ்சுனேன்.

ஒரு நேரத்துல ஒரு செடி. இதான் விதி. நான் எடுத்தது வெந்தயம், ஏன்னா அது எப்படி வேலை செய்யிதுன்னு எனக்குப் புரிஞ்சுது. கல்லீரல் கொலஸ்ட்ரால வச்சுத்தான் பித்தநீர் செய்யிது, அது குடலுக்கு வந்து எண்ணெய்ச் சத்தக் கரைச்சுட்டு பெரும்பாலும் திரும்பக் கல்லீரலுக்கே போயிரும், வயல்ல பாஞ்ச தண்ணி வாய்க்காலுக்கே திரும்புற மாதிரி. வெந்தயத்துல இருக்க கொழகொழப்பான நாரு அந்தப் பித்தநீரப் புடிச்சு வச்சுக்கிட்டு வெளிக்கிப் போறப்போ கூட்டிட்டுப் போயிருது. அப்பக் கல்லீரல் புதுசாப் பித்தநீர் செய்யணும், அதுக்கு ரத்தத்துல இருக்க எல்டிஎல இழுத்துக்கிடும். வயித்துக் கட்டுக்கு வாங்குவமே அந்த இசப்கோலும் இதே வேலைதான், ஓட்ஸும் பார்லியும் இதே வேலைதான்.

இது புரிஞ்சா நம்ம ஊர்ல பண்ற தப்பும் புரியும். பாதிப் பேரு ராத்திரி ஊற வச்ச தண்ணிய மட்டும் குடிச்சுட்டு வெந்தயத்தத் தூரப் போடுதாவ. வேலை செய்ற கொழகொழப்புல முக்கால்வாசி அந்த விதைலயே இருக்கு, நீங்க குடிச்சது கசப்புத் தண்ணி. ரெண்டாவது தப்பு அளவு. கொலஸ்ட்ரால் குறைஞ்சுதுன்னு வந்த ஆராய்ச்சிகள்ல குடுத்தது நாளைக்கு 25 கிராம், 50 கிராம், ஹைதராபாத்ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல சுகர்காரவியளுக்குக் குடுத்து 1990ல வெளியிட்ட ஒன்னுல 100 கிராம் வரைக்கும், அதுவும் எண்ணெய்ச் சத்து நீக்குன பொடி. அதுல எல்டிஎல்லும் ட்ரைகிளிசரைடும் இறங்குச்சு, எச்டிஎல் அப்படியே இருந்துச்சு. ஒரு டீஸ்பூன் வெந்தயம் 4 கிராம்கிட்ட வரும். அப்ப 25 கிராம்னா ஆறு டீஸ்பூனு. நம்ம ஆளுக அரை ஸ்பூன் போட்டுட்டு கொழுப்பு கரையும்னு காத்துக்கிட்டு இருக்காவ.

ஆறு ஸ்பூன எடுத்த எடுப்புல போட்டா வயிறு ஊதிரும், கக்கூஸ்லயே உக்காந்திருக்கணும். நான் மொத வாரம் ஒரு ஸ்பூன், ரெண்டாவது வாரம் ரெண்டு, பைய ஏத்தி நாலு ஸ்பூன்ல நிறுத்திட்டேன், அதுக்கு மேல எனக்குத் தாங்கல. ராத்திரி ஊற வச்சு காலைல விதையோட சேத்து மோர்ல அடிச்சு ரெண்டு ஸ்பூன், மீதிய முளை கட்டி மத்தியானம் பொரியல்ல. முளை கட்டுனா கசப்பு குறையும். தோசை மாவுல வழக்கத்த விடக் கூடப் போட்டு அரைக்கலாம். வெந்தயக் களி நம்ம பக்கம் செய்வாவ, அது நல்ல பண்டம்தான், ஆனா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எவ்வளவு விழுதுன்னு பாத்துக்கோங்க, எங்க ஆச்சி கிண்டுற களிலலாம் எண்ணெய்க்கு நடுவுல களி மிதக்கும், அதக் கொழுப்புக்கு மருந்துன்னு சொன்னா வெந்தயமே சிரிக்கும். இன்னொன்னு, ரெண்டு வாரத்துல வேர்வை வெந்தய வாசம் அடிக்க ஆரம்பிச்சிரும், வீட்டுல திட்டு விழும், உடம்புக்கு ஒன்னும் இல்ல.

சுகர் மாத்திரை போடுறவிய கவனம், வெந்தயமும் சுகர இறக்கும், மாத்திரையும் இறக்கும், ரெண்டும் சேந்து ரொம்ப இறங்கிட்டா கை நடுங்கும், மயக்கம் வரும், அதனால டாக்டர்கிட்டச் சொல்லிட்டு செய்யுங்க. கடலை அலர்ஜி இருக்கவியளுக்கு வெந்தயமும் ஒத்துக்காம போவலாம், ரெண்டும் ஒரே குடும்பம். அப்புறம் நேரம். கொழகொழப்பு பித்தநீரப் புடிக்கிற மாதிரியே மாத்திரையையும் புடிக்கும், தைராய்டு மாத்திரை போட்டா நாலு மணி நேரம் தள்ளித்தான் வெந்தயமோ இசப்கோலோ, மத்த மாத்திரைக்கும் ஒன்னு ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

வெந்தயக் கசப்பு ஆவாதுங்கவியளுக்கு இசப்கோல். இதப் பத்திச் சொல்ல பெருசா ஒன்னுமில்ல, ஆனா இருக்கதுலயே நம்பிக்கையான ஆராய்ச்சி இதுக்குத்தான் இருக்கு, நாளைக்கு 10 கிராம் மாதிரி எடுத்தா எல்டிஎல் சராசரியா 13 புள்ளிகிட்டக் குறையிது. ஒரு பெரிய டம்ளர் தண்ணில கலந்து உடனே குடிச்சிரணும், மேல இன்னொரு டம்ளர் தண்ணி. தண்ணி குறைஞ்சா தொண்டைல அடைச்சிரும், இல்லேன்னா குடல்ல கட்டிக்கிடும், வயசானவிய வீட்டுல இருந்தா இத மறக்காதீங்க. மருந்துக்கடையிலயே கெடைக்கும், நாட்டு மருந்து மாதிரி பேரு கேட்டு அலைய வேண்டாம்.

இனி மருதம்பட்டை, நம்ம ஊர்ப் பெருமை. தாமிரபரணிக் கரைல நிழலா நிக்கிற பாதி மரம் மருதம்தான, திருப்புடைமருதூர்ல ஊர் பேருலயே மருதம் இருக்கு, கோயில் தலவிருட்சமும் அதுதான். 2005ல பறவைகளுக்காகக் காப்பகமா அறிவிச்ச எடம் அது. இத எதுக்குச் சொல்லுதேன்னா, ஆத்துக்குக் குளிக்கப் போற ஆளுக அருவாளால பட்டையச் செதுக்கிட்டு வாராவ, சுத்திச் செதுக்குனா மரம் பட்டுப் போயிரும். அந்த வேலை வேண்டாம், திருநெல்வேலி டவுன்லயோ பாளையங்கோட்டைலயோ நாட்டு மருந்துக் கடைல போய் வாங்குங்க.

மருதம்பட்டைக்கு என்ன ஆதாரம்னா, 2001ல இந்தியாவுல இதய நோய் இருந்த 105 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி, பட்டைப் பொடி நாளைக்கு 500 மில்லிகிராம், 30 நாள். மொத்தக் கொலஸ்ட்ரால் 10 சதவீதம் மாதிரி, எல்டிஎல் 16 சதவீதம் மாதிரி குறைஞ்சுது. கேக்க நல்லாருக்கு. ஆனா அந்த 105 பேர மூணாப் பிரிச்சதுல பட்டை குடிச்சது ஒரு பங்குதான், ஒரே ஒரு மாசம்தான், அத வச்சு ஊருக்கெல்லாம் சொல்லிற முடியாது. அப்புறம் அவிய குடுத்தது 500 மில்லிகிராம், ஒரு சின்னக் குளிசை அளவு. நம்ம ஆளுக கைப்பிடி பட்டையப் போட்டு நாலு டம்ளர் தண்ணிய ஒரு டம்ளரா வத்தக் காச்சிக் குடிக்காவ. அது வேற, இது வேற. காச்சுன கசாயத்துல தண்ணில கரையிறது மட்டும்தான் வரும், எவ்வளவு வருதுன்னு அடுப்பும் பட்டையும்தான் முடிவு பண்ணும், நேத்துக் காச்சுனதும் இன்னைக்குக் காச்சுனதும் ஒன்னா இருக்காது. மருதம் எடுக்கணும்னு ஆசை இருந்தா பாளையங்கோட்டைல அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, 1964ல இருந்து நடக்குது, அங்க புறநோயாளி பிரிவுல போய் ரிப்போர்ட்டக் காட்டுங்க, நாடி பாத்து அளவு சொல்லி சூரணமாக் குடுப்பாவ. அங்க போறப்போ இங்கிலீஷ் மருந்துச் சீட்டையும் கொண்டு போங்க. அங்க குடுத்த மருந்தையும் இங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க. ரெண்டு பேருகிட்டயும் மறைக்கிறதுதான் நம்ம வழக்கம், இவரு திட்டுவாரு அவரு திட்டுவாருன்னு. திட்டட்டுமே.

வெள்ளப்பூடு பத்தி எழுதுனா நிறையப் பேருக்குக் கோவம் வரும். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட்ல 192 பேர வச்சு ஆறு மாசம் பாத்து 2007ல சொன்னாவ, பச்சைப் பூடு ஒரு கூட்டத்துக்கு, பூடு மாத்திரை ரெண்டு வகை ரெண்டு கூட்டத்துக்கு, இன்னொரு கூட்டத்துக்கு மருந்து ஒன்னும் இல்லாத வெறும் மாத்திரை. எல்டிஎல்ல ஒரு வித்தியாசமும் இல்ல. வேற சில ஆராய்ச்சிகள்ல கொஞ்சம் குறைஞ்சதாவும் வந்திருக்கு. பூட நசுக்குனாத்தான் அந்த நெடியடிக்கிற சத்து உண்டாகும், நசுக்கிப் பத்து நிமிசம் வச்சுட்டுப் போட்டா நல்லது, முழுப் பல்லா எண்ணெய்ல போட்டு வதக்குனா வாசம்தான் மிஞ்சும். சாப்பாட்டுல நல்லாப் போட்டுச் சாப்பிடுங்க. ஆனா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவிய பூடு மாத்திரைய, பூடு எக்ஸ்ட்ராக்ட டாக்டரக் கேக்காமத் தொடாதீங்க, ரத்தக்கசிவு கூடும். ஆபரேசன் இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க.

முருங்கை இலை, கறிவேப்பிலை, கருஞ்சீரகம், நெல்லிக்காய் இதெல்லாம் எலில நல்லா வேலை செஞ்சிருக்கு, மனுசங்ககிட்ட சின்னச் சின்ன ஆராய்ச்சிதான், சிலதுல நல்லாவே இறங்கிருக்கு. சாப்பாடா எடுத்துக்கோங்க, முருங்கைக் கீரைப் பொரியல்ல தேங்காய குறைச்சுட்டு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறவிய மட்டும் கீரையத் திடீர்னு கூட்டாதீங்க குறைக்காதீங்க, கீரைல இருக்க வைட்டமின் கே அந்த மாத்திரையோட மல்லுக்கட்டும். நெல்லிக்காய்னா பெருநெல்லி, அருநெல்லி வேற செடி, பேரு ஒன்னுபோல இருக்குன்னு ஊறுகாய் போட்ட அருநெல்லியத் தின்னுட்டு ‘நெல்லி சாப்பிட்டேன்’ம்பாவ, அதுல உப்பு வேற.

குக்குலு கதையும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்தியாவுல கொழுப்புக்குன்னே ரொம்பப் பேரு வாங்குன செடி அது. நம்ம சாம்பிராணி கூடப் போடுற குங்கிலியம் இல்ல, வடக்க ராஜஸ்தான் குஜராத் பக்கம் வளர்ற முள்ளுச் செடியோட பிசினு. காசில பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல 1966ல முயலுக்குக் குடுத்துப் பாத்து கொழுப்பு குறையிதுன்னு ஆராய்ச்சி வந்துச்சு, எண்பதுகள்ல இங்க மருந்தாவே அங்கீகாரம் குடுத்தாவ. அப்புறம் 2003ல அமெரிக்காவுல 103 பேருக்கு எட்டு வாரம் குடுத்துப் பாத்தா எல்டிஎல் குறையிறதுக்குப் பதிலா கொஞ்சம் கூடிருச்சு, சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஒரு ஊர்ல வேலை செஞ்சது இன்னொரு ஊர்ல ஏன் செய்யலங்கத விட, ‘நம்ம முன்னோர் சொன்னது’ன்னு ஒரு வார்த்தைய வச்சு மட்டும் குடிக்கக்கூடாதுங்கதுக்கு இத நான் எப்பவும் உதாரணம் சொல்லுவேன். அந்தச் செடியும் இப்ப அழியிற நிலைமைல இருக்கு.

இப்ப எக்ஸ்ட்ராக்ட். டப்பால வர்ற கேப்சூல். இத இலையோட கணக்குல சேக்காதீங்க. டப்பா மேல 10:1னு போட்டிருந்தா பத்து கிலோ இலைய ஒரு கிலோவா வத்த வச்சதுன்னு அர்த்தம். ஒரு நாளும் நீங்க சாப்பாட்டுல தின்ன முடியாத அளவு ரெண்டு கேப்சூல்ல இறங்கும், நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். க்ரீன் டீ குடிச்சு யாருக்கும் கல்லீரல் கெட்டதா நான் பாக்கல, ஆனா க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், குடம்புளி எக்ஸ்ட்ராக்ட், மிளகுச் சத்து சேத்த மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் இதுகளால கல்லீரல் வீங்குனவிய உலகம் பூரா இருக்காவ. எங்க மதினி கொழுப்பும் குறையும் எடையும் குறையும்னு ஆன்லைன்ல ஒரு டப்பா வாங்கி, க்ரீன் டீயும் குடம்புளியும் கலந்தது, ரெண்டு மாசம் சாப்பிட்டா. சோறு எறங்கல, ஒரே அசதின்னு வந்தா. எஸ்ஜிபிடி 140, சாதாரணமா 40க்குள்ள இருக்கணும். டப்பாவத் தூரப் போட்டு ஆறு வாரத்துல எறங்கிருச்சு. மொத்தக் கொலஸ்ட்ரால் 3 புள்ளி குறைஞ்சிருந்துச்சு, அதுக்குக் குடுத்த துட்டுக்கு ஒரு கோழிப்பண்ணையே வச்சிருக்கலாம்.

அப்படியும் வாங்கணும்னா லேபிளத் திருப்பிப் பாருங்க. சித்த ஆயுர்வேத மருந்துன்னா மருந்து உற்பத்தி லைசென்ஸ் நம்பர் இருக்கணும், சத்து மாத்திரைன்னா உணவுப் பாதுகாப்புத் துறை குடுக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர். செடியோட எந்தப் பாகம், எத்தன மில்லிகிராம்னு எழுதிருக்கணும், ‘மூலிகைக் கலவை’ன்னு மொட்டையாப் போட்டிருந்தா வச்சிருங்க. பதினெட்டு மூலிகை இருக்குன்னு பெருமையா எழுதிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க, பதினெட்டுல எது என்ன செஞ்சுதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிவப்பு ஈஸ்ட் அரிசின்னு ஒன்னு விக்கிது, சரக்கு சரியா இருந்தா அது நெசமாவே வேலை செய்யும், ஏன்னா அதுக்குள்ள இருக்கது லோவாஸ்டாடின்ங்கிற மாத்திரைல இருக்க அதே பொருள்தான். மாத்திரை வேண்டாம்னு அத வாங்குறது, அளவு தெரியாத மாத்திரைய வாங்குறது. ஏற்கனவே ஸ்டாடின், அதான் கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் எழுதுற மாத்திரை, போடுறவிய அதையும் சேத்துப் போட்டா தசை வலி வரும், இன்னும் மோசமாவும் ஆவலாம்.

ஸ்டாடினே எங்கருந்து வந்துச்சுன்னு நினைக்கீங்க? ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர் எழுபதுகள்ல ஆயிரக்கணக்கான பூஞ்சையத் தேடித் தேடி, பச்சைக் காளான் பூத்த மாதிரி வருமே அந்த வகைப் பூஞ்சைல இருந்து எடுத்ததுதான் மொத ஸ்டாடின். மொத மாத்திரை 1987ல அமெரிக்காவுல அனுமதியாச்சு. அதுவும் ஒரு எக்ஸ்ட்ராக்ட்லதான் ஆரம்பம். அதனால ‘இயற்கையா செயற்கையா’ங்கிற சண்டைல எனக்கு ஆர்வம் இல்ல, எவ்வளவு இறக்கும், அளவு ஒன்னுபோல இருக்கா, இதுதான் கேள்வி. 2022ல அமெரிக்காவுல இத நேருக்கு நேரா விட்டுப் பாத்தாவ, ரோசுவாஸ்டாடின் வெறும் 5 மில்லிகிராம் ஒரு பக்கம், மறுபக்கம் மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூடு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி. 28 நாள். மாத்திரைல எல்டிஎல் 38 சதவீதம் கிட்ட இறங்குச்சு, மத்த ஆறும் வெறும் மாத்திரை சாப்பிட்டவியள விட ஒன்னும் பெருசா இறக்கல. கடைல விக்கிற டப்பா, ஒரு மாசக் கணக்கு, அத மனசுல வச்சுக்கோங்க.

பன்னெண்டு வாரமும் ஒரு சின்ன நோட்டு. தேதி, எத்தன ஸ்பூன், மறந்த நாள், வெளில சாப்பிட்டது. கடைசி வரிதான் கசக்கும். காலைல வெந்தயம் சாயந்தரம் எண்ணெய்ல பொரிச்ச புரோட்டாவும் சால்னாவும்னு போனா கணக்கு நேராகாது, வாரம் ரெண்டு நாள் தேங்காப் பால் சொதி, வீட்டுக்கு வந்த விருந்தாளி கொண்டாந்த அல்வா, நெய்ல கைய நனைச்சுக்கிட்டு ‘ஒரு துண்டுதான’ன்னு. நான் சொதிய விடல, விட முடியாது, மாசத்துக்கு ஒன்னு ஆக்கிட்டேன். சாப்பாட்ட ஒரே மாதிரி வச்சுக்கிட்டாத்தான் செடி செஞ்ச வேலை என்னன்னு தெரியும், அதனால சோதனைக்கு முந்தியே சாப்பாட்ட ஒரு மாசம் திருத்தி, அப்புறம் ஒரு ரத்தம் பாத்து, அதுக்கப்புறம் செடிய ஆரம்பிக்கிறது இன்னும் நல்லது. எனக்கு அந்தப் பொறுமை இல்ல, ரெண்டையும் ஒன்னா ஆரம்பிச்சேன், அது என் தப்பு.

பன்னெண்டு வாரம் முடிஞ்சு பாத்தப்போ மொத்தம் 226, எச்டிஎல் 43, ட்ரைகிளிசரைடு 165, எல்டிஎல் 150. 14 புள்ளி குறைஞ்சிருக்கு, எட்டு சதவீதம் சொச்சம். வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு இல்ல, ஏன்னா ஒரே ஆளுக்கு ஒன்னும் செய்யாம விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தாலே எல்டிஎல் எட்டு பத்து சதவீதம் மேலயும் கீழயும் ஆடும், இது லேப்ல நான் தினம் பாத்தது. உங்களுக்கு 5 புள்ளி குறைஞ்சுதுன்னா அது குறைஞ்சதே இல்ல, 5 புள்ளி கூடுச்சுன்னாலும் பதற வேண்டாம். சந்தேகம் இருந்தா ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவ எடுத்து சராசரி பாருங்க. நான் எடுத்தேன், 152. சரி, கொஞ்சம் வேலை செஞ்சிருக்கு, ஆனா பத்தாதுன்னு டாக்டர்கிட்டப் போய் நானே மாத்திரை கேட்டேன். அடார்வாஸ்டாடின் 10. எட்டு வாரத்துல 98. வெந்தயம் இப்பவும் ரெண்டு ஸ்பூன் ஓடுது, பழகிருச்சு, வயிறு சுத்தமாப் போவுது.

மாத்திரை ஆரம்பிச்சா பம்பளிமாஸ் அளவா வச்சுக்கோங்க, சில ஸ்டாடினோட சேரும்போது மாத்திரை ரத்தத்துல கூடிப்போவும். காரணமில்லாம தொடை, தோள்பட்டை வலிச்சாலோ ஒன்னுக்கு காப்பி நெறத்துல போனாலோ அன்னைக்கே போய்க் காட்டுங்க, ‘பித்தம்’னு சொல்லி சீரகத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

கடைசியா ரத்தம் குடுக்கப் போற அன்னைக்கு. ஒரே லேப்புக்குப் போங்க, மொத தடவ போன அதே லேப், அதே மாதிரி 10லருந்து 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணி குடிக்கலாம். முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டுல வெட்டிட்டு வராதீங்க, தண்ணியும் அடிக்காதீங்க, ட்ரைகிளிசரைடு ஏறிரும். நிறைய லேப்ல எல்டிஎல நேரா அளக்கிறது இல்ல, மொத்தத்துல இருந்து எச்டிஎலக் கழிச்சு, ட்ரைகிளிசரைடுல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சுத்தான் போடுதாவ, என்னோட நம்பர வச்சே போட்டுப் பாருங்க, 248ல 42 போயி, 210ல அஞ்சுல ஒன்னு 42 போயி, 164. ட்ரைகிளிசரைடு 400 தாண்டுனா இந்தக் கணக்கு பொய் சொல்லும். அப்ப லேப்காரரக் கேட்டு ‘டைரக்ட் எல்டிஎல்’னு தனியாப் போடச் சொல்லுங்க, கொஞ்சம் கூடத் துட்டு ஆகும். ஜுரம், ஆபரேசன், பெரிய நோவு வந்து எந்திச்சிருந்தா ஒரு மாசமாவது தள்ளிப் போடுங்க, அந்த நேரத்துல கொலஸ்ட்ரால் தானா இறங்கிக் காட்டும், குடிச்ச பொடிதான் இறக்குச்சுன்னு நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிருவீங்க.